மாசிலாமணி ஓடாத ஓட்டம்

மாசிலாமணி இறந்து பதினோராம் நாள் சாயங்காலம், மல்காஜ்கிரி ரயில் நிலையத்தின் எதிர் பிளாட்பாரத்தில் அவன் நிற்பதை இராமச்சந்திரன் பார்த்தார். கையில்லாத பனியன், காக்கி அரைக்கால் சட்டை, வெறுங்கால். சாகும்போது மாசிலாமணிக்கு ஐம்பத்தெட்டு வயது. அங்கே நின்றவனுக்கு இருபத்தைந்துக்கு மேல் சொல்ல முடியாது. நடுவில் ஒரு சரக்கு வண்டி போயிற்று. கடைசிப் பெட்டியும் கடந்த பிறகு பார்த்தால், அவன் அதே இடத்தில், இடுப்பில் கைவைத்து, மூச்சு வாங்குகிறவன்போல லேசாகக் குனிந்து, இவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அது நடந்து இருபத்தொன்பது வருடம் ஆகிறது. அன்றிலிருந்து இராமச்சந்திரன் அந்த நிலையத்தில் வண்டி ஏறுவதை விட்டுவிட்டார். லாலாகூடா ரயில்வே பட்டறையில் ஓய்வு பெறும்வரை பஸ்ஸில்தான் போய்வந்தார். "ரயில் பாஸ் வெச்சிக்கினு பஸ்ஸுக்குக் கைக்கு, எதுக்கு அலையுறீங்க?" என்று மனைவி கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள். அவள் போய்ச் சேர்ந்த பிறகு, மகன் சங்கர் நிலையத்துக்கு இரண்டு தெரு தள்ளி நாலாவது மாடியில் வீடு வாங்கினான். பால்கனியிலிருந்து பிளாட்பாரத்தின் ஒரு முனை தெரியும். இராமச்சந்திரன் தன் நாற்காலியை வீட்டுப் பக்கம் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டார். முதுகுக்குப் பின்னால் அவன் நிற்கிற நாளும் நிற்காத நாளும் அவருக்குத் திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது.

போன ஜூலையில் ஒரு நாள் பிற்பகல் தொலைபேசி வந்தது.

"அங்கிள், நான் ஷர்மிளா பேசுறேன். லாலாகூடா மாசிலாமணி பொண்ணு. இப்ப ஹப்சிகுடாவுல இருக்கேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்கும்மா."

"அப்பாவப் பத்தி ஒரு நல்ல சேதி. நேர்ல வந்து சொல்றேன். நாளைக்கு வரட்டுமா?"

மறுநாள் பதினொரு மணிக்கு ஷர்மிளா வந்தாள். ஐம்பத்தேழு வயது, பஸ் கண்டக்டராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவள். அப்பாவின் நீண்ட கால்கள் அவளுக்கும் வந்திருந்தன. மருமகள் ப்ரியா காபி கொடுத்துவிட்டு ஆபீஸ் மீட்டிங்குக்காக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஷர்மிளா கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து டீப்பாய்மேல் வைத்தாள்.

"அந்தக் காலத்துல கப்பல்ல போய் ஓடினாங்களே, அந்த விழா. அதுக்கு அறுபத்தி மூணாவது வருஷமாம். அந்த ஊர்ல அதுக்குன்னே மியூசியம் கட்டியிருக்காங்க. எப்படியோ தேடிப் பிடிச்சு எனக்கு மெயில் போட்டாங்க. பத்தாயிரம் மீட்டர்ல அப்பா மூணாவது. நான் அனுப்பின போட்டோ, பேரு எல்லாம் சுவத்துல வெக்கிறாங்க. கூட இருந்தவங்க யாராவது உயிரோட இருந்தா வீடியோவுல பேசச் சொல்லி அனுப்பச் சொன்னாங்க. அப்பாவோட ஓடிப் பழகினது நீங்க ஒருத்தர்தான் மிச்சம்."

உறைக்குள்ளிருந்து ஒரு பதக்கம் சரிந்து விழுந்தது. பழுப்பேறிய வெண்கலம். ஒரு பக்கம் கையில் தீப்பந்தம். மறுபக்கம் ஆங்கிலத்தில் மாசிலாமணியின் பெயர், ஒரு எழுத்து தப்பாக.

இராமச்சந்திரன் அதை எடுக்கவில்லை. அறுபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால் அது அவர் கழுத்தில் ஒரு மணி நேரம் கிடந்தது.

லாலாகூடாவில் அப்போது இருவருக்கும் ஒரே ஷெட்டில் வேலை. மாசிலாமணி மூன்று வயது மூத்தவன், ஃபிட்டர். இவர் ஹெல்ப்பர். விடிவதற்கு முன் திருமுல்கேரி வரை ஓடி, ராணுவ மைதானத்தைச் சுற்றிவிட்டு ஏழு மணிச் சங்குக்குத் திரும்பிவிடுவார்கள். ஓடும்போது மாசிலாமணி இரண்டு அடிக்கு ஒரு மூச்சு இழுத்து இரண்டு அடிக்கு ஒரு மூச்சு விடுவான். பக்கத்தில் ஓடி ஓடி இவருக்கும் அதே பழக்கம் ஒட்டிக்கொண்டது. அந்த வருடம் மாசிலாமணியின் நேரம் பத்திரிகையில் வந்தது. அடுத்த ஒலிம்பிக்குக்கு அவனை அனுப்புவார்கள் என்று பட்டறையில் எல்லோரும் பேசினார்கள்.

அப்போதுதான் கிழக்கே ஒரு துறைமுக நகரத்தில் புதிதாக விடுதலை பெற்ற நாடுகளுக்கென்று ஒரு தடகள விழா அறிவித்தார்கள். அதுதான் முதல் விழா. விழா நடத்துகிற அரசுக்கு ஆகாத இரண்டு நாடுகளுக்கு அழைப்பு இல்லை. விளையாட்டில் அரசியல் செய்கிறார்கள் என்று உலக அமைப்பு கொதித்தது. அந்த விழாவில் ஓடுகிறவன் எவனும் ஒலிம்பிக் மண்ணை மிதிக்க முடியாது என்று தந்தி மேல் தந்தி அனுப்பியது. நம் ஆட்கள் போகலாம் என்றும் யாரும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. போகிறவர்கள் தம் சொந்தப் பொறுப்பில் போகலாம், கொடி பிடிக்கக் கூடாது என்று மட்டும் பேச்சு.

உள்ளூர்த் தடகளச் சங்கத்துக்கு பத்ரிநாராயணன் என்பவர் செயலாளர். விழாவின் நிரந்தரக் குழுவில் அவருக்கு ஓர் இடம் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார்கள். பதிலுக்கு அவர்கள் கேட்டது பத்திரிகையில் பெயர் வந்த அந்த ஓட்டக்காரனை. அவன் பெயரைச் சுவரொட்டியில்கூடப் போட்டுவிட்டார்கள். மாசிலாமணி ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டான். "ஒலிம்பிக் போவ வேண்டிய கால அங்க கொண்டுபோய் வெக்க மாட்டேன் சார்." சொல்லிவிட்டு ஒரு மாத லீவில் வாலாஜா பக்கம் அக்காள் வீட்டுக்குப் போய்விட்டான்.

இரண்டு நாள் கழித்து பத்ரிநாராயணன் இராமச்சந்திரனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"நீ போறே. பேரு மட்டும் அவன் பேரு."

"சார், அவனுக்குத் தெரிஞ்சா?"

"யாரு சொல்லப் போறா? அந்த ஊர்ப் பேப்பர் இங்க வருதா? கப்பல்ல எல்லாருக்கும் சேத்து ஒரே லிஸ்ட், படம்கூடக் கிடையாது. நீ கடலப் பாத்திருக்கியா?"

பார்த்ததில்லை. அவருக்கு வயது இருபத்திரண்டு. தங்கை கல்யாணம் என்று எழுதிக் கொடுத்து லீவு வாங்கினார்.

துவக்க நாளில் பன்னிரண்டு பேர் கொடியில்லாமல் ஒரு பலகைக்குப் பின்னால் நடந்தார்கள். மற்ற நாட்டுக்காரர்கள் கொடியோடு போனபோது கிடைத்த ஆரவாரம் இவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஓட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஒலிபெருக்கியில் "மா-சி-லா-மா-னி" என்று கூப்பிட்டபோது இவர் சட்டென்று நிமிர்ந்து கை தூக்கினார். அப்படி நிமிர்ந்தது எவ்வளவு சுலபமாக இருந்தது என்பதை அவர் பிறகு மறக்கவே இல்லை. இருபத்தைந்து சுற்று. பதினைந்தாவது சுற்றுக்கு மேல் தன் மூச்சு தன்னுடையதாக இல்லை, பக்கத்தில் ஒருவன் இழுத்து விடுகிற மூச்சாக இருந்தது. பின்னால் வந்துகொண்டிருந்தவர், எட்டுப் பேரைத் தாண்டி மூன்றாவதாக முடித்தார். திரும்பும் கப்பலில் பத்ரிநாராயணன் பதக்கத்தைக் கேட்டு வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டார். "இதுல அவன் பேரு இருக்கு. உங்கிட்ட இருந்தா வம்பு."

மூன்று மாதத்தில் உலக அமைப்பிலிருந்து காகிதம் வந்தது. அந்த விழாவில் ஓடியவர்களின் பட்டியல். மாசிலாமணிக்கு ஒலிம்பிக் கிடையாது.

அவன் பட்டறை வாசலில் நின்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொன்னான். "நான் போவவே இல்ல." யார் நம்புவார்கள்? அந்த மாதம் முழுக்க அவன் லீவு. அச்சடித்த பட்டியலில் பெயர் இருக்கிறது. பதக்கம் செயலாளர் மேஜைமேல் இருக்கிறது. மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் தடை இரண்டு வருடத்தில் தளரும் என்றார் பத்ரிநாராயணன். போகாத ஊருக்கு எதற்கு மன்னிப்பு என்று மாசிலாமணி கையெழுத்துப் போட மறுத்தான். ஒருநாள் சாப்பாட்டு வேளையில் இராமச்சந்திரனைத் தேடிக்கொண்டு வந்தான்.

"ராமு, நீ ஒரு வார்த்த சொல்லு. நான் அப்படிப் போற ஆளா?"

"நான் ஊர்லயே இல்லியே. தங்கச்சி கல்யாணம்."

மாசிலாமணி அவர் முகத்தை வெகுநேரம் பார்த்தான். கடல் வெயிலில் கறுத்து இன்னும் நிறம் திரும்பாத மூக்கைப் பார்த்தானா, வேறெதையாவது பார்த்தானா தெரியாது. "சரி" என்றான். அதன் பிறகு சாகும்வரை, ஒரே ஷெட்டில் முப்பது வருடம் வேலை பார்த்தும், அவரிடம் ஒரு சொல் பேசவில்லை.

ஷர்மிளா போனை எடுத்துத் தயாராக வைத்தாள். "ஆரம்பிக்கலாமா அங்கிள்? சும்மா ரெண்டு வார்த்த. அவர் எப்படி ஓடுவாருன்னு."

இராமச்சந்திரனின் முதுகுக்குப் பின்னால், பால்கனியைத் தாண்டி, நிலையத்தில் வண்டி வருவதற்கான அறிவிப்பு தெலுங்கில் கேட்டது. அவன் அங்கே நிற்கிறான் என்று அவருக்குத் தெரிந்தது.

"அத அணைச்சு வையம்மா" என்றார். "அவன் போவல."

"எங்க போவல?"

"அந்த விழாவுக்கு. அவன் போவல. நான்தான் போனேன். அவன் பேர்ல."

அவர் நிறுத்தாமல் சொல்லிமுடித்தார். பத்ரிநாராயணன், கப்பல், பட்டறை வாசல், சாப்பாட்டு வேளை. சொல்லும்போது அழுகை வரும் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தார். வரவில்லை. ஆபீசில் ஒப்பிக்கிற மாதிரி வந்தது.

ஷர்மிளா முதலில் சிரித்தாள். "நக்கோ, வேணாம் அங்கிள். வயசாயிடுச்சு, எதையோ எதோட போட்டுக் கொழப்பிக்கிறீங்க." உறையிலிருந்து ஒரு காகிதத்தை உருவினாள். "இதோ அப்பாவே எழுதிக் கொடுத்தது. அப்பா கையெழுத்து."

இராமச்சந்திரன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். தட்டச்சு செய்த நாலு வரி. தடை செய்யப்பட்ட விழாவில் நான் என் விருப்பப்படி கலந்துகொண்டேன், அதற்காக வருந்துகிறேன், மன்னிக்க வேண்டும். கீழே மாசிலாமணியின் கையெழுத்து. ஃபிட்டர் வேலைக்காரனின் அழுத்தமான எழுத்து, காகிதம் பின்பக்கம் புடைத்திருந்தது. தேதி எண்பத்தைந்தாம் வருடம்.

அவர் அதை இரண்டாம் முறை படித்தார். இருபத்திரண்டு வருடம் மறுத்தவன் எதற்கு எண்பத்தைந்தில் கையெழுத்துப் போட்டான் என்பது அவருக்கு விளங்கவில்லை. "எதுக்கும்மா போட்டான்?" என்றார்.

ஷர்மிளாவின் முகத்திலிருந்து சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"எனக்காக" என்றாள்.

பிறகு அவர் முகத்தைப் பார்க்காமல் காகிதத்தைப் பார்த்தே பேசினாள்.

"எனக்கு அப்பப் பதினேழு வயசு. ஹர்டில்ஸ் ஓடுவேன். ஸ்டேட் கேம்ப்புக்கு லிஸ்ட்ல பேரு வந்துச்சு. சங்கத்துல அதே ஆளுதான் இன்னும். உங்கப்பன் லெட்டர் பாக்கி இருக்கு, அது வந்தாத்தான் உன்ன எடுப்போம்னாரு. நான் வந்து அப்பாகிட்ட அழுதேன். அவரு போவலம்மா போவலம்மான்னே சொன்னாரு. நான் நம்பல. எல்லாரும்தான் சொல்றாங்களே. மூணு நாள் சாப்பிடல. உங்க வீம்புக்கு என் வாழ்க்கைய எரிக்கிறீங்கன்னு கத்தினேன். நாலாம் நாள் காலையில போய் ரெண்டு பிரதியில கையெழுத்துப் போட்டுட்டு, அதுல ஒண்ணையும் அந்த மெடலையும் வாங்கிட்டு வந்தாரு. என் கையில கொடுத்து, 'ஹவ், ஆமா, நான்தான் போனேன். போதுமா?'ன்னாரு."

அவள் காகிதத்தை மடித்தாள், மறுபடி பிரித்தாள்.

"ரெண்டு சீசன்தான் ஓடினேன். அப்புறம் முட்டி போச்சு. அவரு நாப்பத்தேழு வயசுல மொத தடவையா பொய் சொல்லியிருக்காரு. அத நான் ஃப்ரேம் போட்டு வெச்சிருந்தேன் அங்கிள். ஹால்ல. இன்னிக்கு உங்ககிட்டக் காட்டணும்னு கழட்டிட்டு வந்தேன்."

உள்ளே ப்ரியா யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். ஷர்மிளா எழுந்து பால்கனிக்குப் போய் நின்றாள். அங்கே அவளுக்கு யாரும் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"சொல்லுங்க. ஆனா இப்ப சொன்னத சொல்லுங்க. ரெக்கார்ட் பண்றேன்."

அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "என் பேரு இராமச்சந்திரன். லாலாகூடா பட்டறையில வேல பாத்தவன். அந்த விழாவுல பத்தாயிரம் மீட்டர்ல மூணாவதா வந்தது நான். மாசிலாமணி அங்க வரல."

சொன்னபோது அவருக்குள் ஏதோ எழும்பியது. வெட்கமாக இருக்கும் என்று நினைத்தார். வெட்கம் இல்லை. அறுபத்திரண்டு வருடத்தில் ஒரு உயிரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறோம் என்ற பெருமை. எட்டுப் பேரைத் தாண்டினேன் என்று சொல்ல நாக்கு துடித்தது. சொல்லியும்விட்டார். "கடைசிச் சுத்துல எட்டுப் பேரத் தாண்டினேன்." அந்த எட்டுப் பேரும் கடைசிச் சுற்றில் அல்ல, பத்துச் சுற்றுகளில் ஒவ்வொருவராகப் பின்தங்கியவர்கள்.

ஷர்மிளா போனுக்கு மேலாக அவரைப் பார்த்தாள். அவர் முகத்தில் வந்த ஒளியை அவள் பார்த்துவிட்டாள் என்பது அவருக்குத் தெரிந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் போனை அணைத்து, பதக்கத்தை எடுத்து அவர் பக்கம் தள்ளினாள்.

"உங்களுது."

"வேணாம்மா."

"எனக்கும் வேணாம்."

அது டீப்பாய்மேலேயே கிடந்தது. சாயங்காலம் ப்ரியா துடைக்கும்போது, இது என்ன மாமா என்று கேட்டாள். சங்கர் வந்ததும் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். சங்கர் கேட்டுவிட்டு, "இத்தன வருஷம் கழிச்சு இது எதுக்குப்பா?" என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் அவர் முப்பது வருடத்தில் முதல்முறையாக மல்காஜ்கிரி நிலையத்துக்கு நடந்தே போனார். மாசிலாமணி எதிர் பிளாட்பாரத்தில் நின்றான். "சொல்லிட்டேன்டா" என்றார், வாய்விட்டு. பக்கத்தில் நின்ற பெண் தள்ளிப் போனாள். அவன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சொன்னால் போய்விடுவான் என்று இவர்தான் நினைத்துக்கொண்டிருந்தார்; அவன் அப்படி எந்த வாக்கும் கொடுத்ததில்லை.

மியூசியத்திலிருந்து மூன்று வாரத்தில் பதில் வந்தது. ஷர்மிளா தொலைபேசியில் படித்துத் தமிழில் சொன்னாள். வீடியோவுக்கு நன்றி. மனதைத் தொட்டது. ஆனால் எங்கள் ஆவணங்களிலும் உங்கள் நாட்டுச் சங்கத்தின் ஆவணங்களிலும் மாசிலாமணி என்றே உள்ளது. அவரே கையெழுத்திட்டு ஒப்புக்கொண்ட கடிதத்தின் நகலை நீங்களே முன்பு அனுப்பியிருக்கிறீர்கள். எண்பத்துநான்கு வயதானவரின் நினைவை மட்டும் வைத்துப் பெயரை மாற்ற இயலாது.

"அப்பா கையெழுத்துதான் அப்பாவ மாட்டி வெச்சிடுச்சு" என்றாள்.

செப்டம்பரில் கண்காட்சி திறந்தது. புனேயில் வேலை பார்க்கும் ஷர்மிளாவின் மகள் ஹர்ஷிதா, தாத்தாவின் பெயர் இருந்த சுவரின் படத்தைச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பினாள். அவளிடம் மட்டும் ஷர்மிளா இன்னும் சொல்லவில்லை. வார்த்தை வரவில்லை என்று இராமச்சந்திரனிடம் வந்தாள். "நீங்க சொல்லுங்க. நான் பக்கத்துல இருக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை பகலில் ஹர்ஷிதாவைக் கூப்பிட்டு, போனை டீப்பாய்மேல் வைத்தார்கள். அவர் மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னார். இந்த முறை எட்டுப் பேரைப் பற்றிச் சொல்லவில்லை. ஹர்ஷிதாவுக்குத் தமிழ் புரியும், பேச வராது. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். முடிந்ததும் திட்டுவாள் என்று அவர் காத்திருந்தார்.

"தென்... நானா... தாத்தா எங்க இருந்தார் அப்போ?" என்றாள், திக்கித் திக்கித் தமிழில். "ரேஸ் டே. அந்த நாள். அவர் எங்கே?"

அறுபத்திரண்டு வருடத்தில் அந்தக் கேள்வி ஒருமுறைகூட இராமச்சந்திரனுக்குத் தோன்றியதில்லை. அவன் அங்கே இல்லை என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும்.

ஷர்மிளா போனைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"அவருக்கு மஞ்சக் காமாலடி, ஹர்ஷி. வாலாஜா அத்த வீட்டுத் திண்டாட்டத்துல டாக்டர்கிட்டகூடப் போவல, கீழாநெல்லிதான். அதான் காட்டறதுக்கு டாக்டர் சீட்டு எதுவும் இல்ல. எத்தன தடவ சொல்லியிருக்காரு. நான் காதுலயே வாங்கல. கண்ணு மஞ்சளாப் படுத்தே கெடந்தாராம். ஒரு ஞாயித்துக்கெழம சாயந்தரம் கொஞ்சம் தெம்பா இருந்துச்சாம். அத்தைக்குத் தெரியாம எழுந்து பாலாத்துக்குப் போனாராம். தண்ணி இல்ல, மணல்தான். ஒலிம்பிக்குக்கு நாள் இருக்கு, கால் மறந்துடக் கூடாதுன்னு, மணல்ல மெதுவா ஓடிப் பாத்தாராம்."

"ஹவ் ஃபார்?" என்றாள் ஹர்ஷிதா.

"பத்து அடியோ இருபது அடியோ. அதுக்கு மேல முடியலயாம். அப்படியே மணல்ல உக்காந்துட்டாராம். இருட்டற வரைக்கும் உக்காந்திருந்தேன்னு சொல்வாரு. நல்லாத்தான் இருந்துச்சு, காத்து வந்துச்சுன்னு சொல்வாரு."